ஒரே பேட்டர்ன், இரண்டு நூல்: தக்கலையில் பின்னிய குழந்தை ஸ்வெட்டர் பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

கன்னியாகுமரி மாவட்டத்தில், தக்கலைக்குப் பக்கத்தில் ஒரு குடும்பம். அறுபதைத் தாண்டிய பாட்டி, கூடவே இருக்கும் மகள், கனடாவில் குடும்பத்தோடு இருக்கும் மகன். மகனுக்கு ஒரு பெண் குழந்தை, மகளுக்கு ஒரு பையன். இரண்டுக்கும் ஏறக்குறைய இரண்டு வயது. கிறிஸ்துமஸுக்குப் பேரப்பிள்ளைகள் இருவரும் ஒரே டிசைன் ஸ்வெட்டர் போட்டு, ஆளுக்கொரு ஊரில் இருந்தாலும் படம் எடுத்து அனுப்ப வேண்டும் என்பது பாட்டியின் ஆசை. கனடாவிலிருந்து மருமகள் ஒரு அமெரிக்க பேட்டர்னை, அதாவது பின்னல் செய்முறைக் குறிப்பை, வாட்ஸப்பில் அனுப்பினார். ஆனால் அதில் சொல்லியிருந்த நூலை அந்தக் கம்பெனி நிறுத்திவிட்டது. "அங்கே கிடைக்கிற நூலில் பின்னுங்க" என்று சொல்லிவிட்டார். இது ஆகஸ்ட் கடைசியில்.

மகள்தான் பின்னுகிறவர். முன்பு நாகர்கோவிலில் என் வகுப்பில் குரோஷா, அதாவது கொக்கி ஊசிப் பின்னல், படித்தவர். இரண்டு ஊசிப் பின்னலை யூடியூப் பார்த்துக் கற்றுக்கொண்டார். பாட்டி இளவயதில் கன்னியர் மடத்துத் தையல் கூடத்தில் லேஸ் பின்னியவர். இந்த மாவட்டத்தில் அது அதிசயமில்லை. 1820-களில் நாகர்கோவிலில் மிஷனரி சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா மால்ட் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்ததிலிருந்து, நூலைக் கையில் எடுத்துத் தரம் சொல்லும் பெண்கள் இங்கே தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். அவர்கள் கைக்குப் பழகியதெல்லாம் பருத்தி நூல். ஆட்டு ரோமத்தில் நூற்ற கம்பளி நூலைத் தொட்டுப் பார்த்தவர்கள் குறைவு. இந்த ஊர் வெயிலுக்கு அதன் தேவையும் இல்லை.

அந்தக் குடும்பத்தின் சம்மதத்தோடு, பெயரில்லாமல் இதை எழுதுகிறேன். பேட்டர்னில் சொன்ன நூல் கிடைக்காதவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளில் முக்கால்வாசி இந்த ஒரு ஸ்வெட்டரில் வந்துவிட்டது.

பேட்டர்ன் கேட்டது

கழுத்தில் தொடங்கிக் கீழே இறங்கும், முன்பக்கம் பொத்தான் வைத்த ஸ்வெட்டர். கழுத்திலிருந்து கைக்குழிக்குச் சாய்வாக நான்கு கோடுகள், அதாவது ரேக்லன். எங்கும் தைத்து இணைக்கும் வேலை கிடையாது. இரண்டு வயது சைஸுக்கு மார்புச் சுற்றளவு 58 செ.மீ. நூல்: டிகே கனம் (நடுத்தரத் தடிமன் வகை), மெரினோ உல்லன் (மென்மையான ஆட்டுக் கம்பளி), 50 கிராம் உருண்டையில் 120 மீட்டர், நான்கு உருண்டை. ஊசி: உடம்புக்கு 6, பார்டருக்கு 3. கேஜ், அதாவது பின்னலின் நெருக்கம்: 10 செ.மீ. அகலத்துக்கு 22 கண்ணி (பின்னல் வளையம்), 10 செ.மீ. உயரத்துக்கு 30 வரிசை.

இதில் நூல் தேர்வுக்கு உதவும் எண்கள் இரண்டே. 120 மீட்டரை 50-ஆல் வகுத்தால் கிராமுக்கு 2.4 மீட்டர், அது நூலின் கனத்தைச் சொல்கிறது. நான்கு உருண்டைக்கு 480 மீட்டர். அது எவ்வளவு வேண்டும் என்பதைச் சொல்கிறது. "நான்கு உருண்டை", "200 கிராம்" என்பதெல்லாம் அந்தக் கம்பெனியின் அந்த நூலுக்கு மட்டுமே பொருந்தும்.

முதல் சாம்பிள்

மகள் மார்த்தாண்டத்தில் ஒரு ஃபேன்சி கடையில் குழந்தைகளுக்கான 'உல்லன்' வாங்கினார். லேபிளில் 4 பிளை, 100 சதவீதம் அக்ரிலிக், 100 கிராம், 330 மீட்டர் என்று இருந்தது. தொட்டால் மெத்தென்று இருந்தது, விலையும் குறைவு. ஆறாம் நம்பர் ஊசி வாங்கினார். மூன்றாம் நம்பர் ஊசி எங்கேயும் கிடைக்கவில்லை. "அது பெரிய ஊசி, இங்க யாரும் கேக்கது இல்ல" என்று கடைக்காரர் சொன்னாராம். சரி என்று கழுத்துப் பார்டரையும் ஆறாம் நம்பரிலேயே போட்டுவிட்டார்.

அளவு பார்க்கப் பின்னிய சாம்பிள் துண்டை ஸ்கேல் வைத்துப் பார்த்தால் 10 செ.மீ.க்குச் சரியாக 22 கண்ணி. ஆகவே தைரியமாக ஆரம்பித்து நான்கு விரல் அகலம் பின்னிய பிறகுதான் எனக்குப் படம் வந்தது. "டீச்சர், கேஜ் கரெக்டா வந்துட்டு. ஆனா பாத்தா என்னவோ போல இருக்கு."

நேரில் போய்ப் பார்த்தபோது அதை ஜன்னலுக்கு நேராகப் பிடித்தேன். வெளியே நின்ற தென்னை மரம் தெரிந்தது. சுண்டுவிரலை வைத்தால் கண்ணி விலகி வழி விட்டது. கழுத்துப் பார்டர் கழுத்தைப் பிடிக்காமல் அலை அலையாக விரிந்து நின்றது. பாட்டி அதற்குள் தன் தீர்ப்பைச் சொல்லியிருந்தார்: "இது ஸ்வெட்டரா மக்களே, கொசுவலையா?"

கேஜ் சரி, துணி தப்பு. இந்த நிகழ்வில் எல்லோரும் கவனிக்க வேண்டிய இடம் இதுதான் என்று நினைக்கிறேன். எந்த நூலிலும் போதுமான அளவு பெரிய ஊசியைப் பிடித்தால் 22 கண்ணி வந்துவிடும். 22 கண்ணி வருகிறதா என்பதோடு, அந்த 22 கண்ணியில் துணி துணியாக இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

முதலில் ஊசி, அப்புறம் நூல்

இவ்வளவு பெரிய ஊசி எப்படி வந்தது? பார்டர்தான் காட்டிக்கொடுத்தது. எந்த ஸ்வெட்டரிலும் பார்டருக்குச் சிறிய ஊசிதான் போடுவார்கள். இங்கே கடைக்காரர் மூன்றாம் நம்பர் பெரிய ஊசி என்கிறார். அப்படியானால் பேட்டர்னின் நம்பரும் கடையின் நம்பரும் வேறு வேறு கணக்கு.

நம் கடைகளில் கிடைப்பது பழைய பிரிட்டிஷ் நம்பர். நம்பர் ஏற ஏற ஊசி மெலியும். அமெரிக்க நம்பரில் ஏற ஏற ஊசி தடிக்கும். அமெரிக்க 6 என்பது 4 மி.மீ.; அது நம் ஊரில் எட்டாம் நம்பர். நம் ஆறாம் நம்பரோ 5 மி.மீ. அமெரிக்க 3 என்பது 3.25 மி.மீ., நமக்குப் பத்தாம் நம்பர். நம் மூன்றாம் நம்பர் 6.5 மி.மீ., கிட்டத்தட்ட பென்சில் கனம். பேட்டர்னின் பிடிஎஃப்பில் இரண்டாம் பக்கத்தில் மி.மீ. அளவும் போட்டிருந்தது, அந்தப் பக்கம் வாட்ஸப்பில் வந்த படங்களில் இல்லை.

பாட்டியின் பழக்கமும் இங்கே கொஞ்சம் குழப்பியது. குரோஷா நூலில் 40-ஆம் நம்பர் 20-ஐ விட மெல்லியது. நெசவு நூலிலும் நம்பர் ஏறினால் மெலியும். பிளை கணக்கு மட்டும் தலைகீழ். எண்ணிக்கை கூடினால் நூல் தடிக்கும். அதிலும் உல்லன் லேபிளில் உள்ள 4 பிளை என்பது நான்கு இழை முறுக்கியது என்று அர்த்தமாக வேண்டியதில்லை, அது ஒரு கன வகையின் பெயர். பிரிட்டிஷ் வழக்கில் 4 பிளை என்றால் 10 செ.மீ.க்குச் சுமார் 28 கண்ணி வரும் மெல்லிய நூல். டிகே அதை விடத் தடித்தது. இவர்கள் வாங்கிய நூல் கிராமுக்கு 3.3 மீட்டர். கனம் இரண்டுக்கும் நடுவில்.

பிரித்துவிட்டு எட்டாம் நம்பரில் மறுபடி ஒரு சாம்பிள் போட்டோம். துணி நன்றாக இருந்தது, 25 கண்ணி வந்தது. பேட்டர்னில் உடம்புக்கு 128 கண்ணி. 25 கண்ணிக் கணக்கில் அது 51 செ.மீ. பையனின் மார்பே 53 செ.மீ. பொத்தான் போட முடியாது.

இதற்கு ஒரு வழி உண்டு. பெரிய சைஸின் கண்ணி எண்ணிக்கையை எடுத்து, நீளத்தை மட்டும் சின்ன சைஸுக்கு வைத்துப் பின்னலாம். பலர் அப்படிச் செய்கிறார்கள், தவறில்லை. இங்கே அதை விட்டதற்குக் காரணம் அளவு இல்லை. அந்த நூலே இரண்டு குழந்தைகளில் ஒருவருக்கும் பொருத்தமாகப் படவில்லை.

கையில் கிடைத்த நூல்கள்

செப்டம்பரில் மகள் நாகர்கோவில், மார்த்தாண்டம் கடைகளில் விசாரித்து, ஆன்லைனிலும் தேடி, சாம்பிளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தார்.

நாகர்கோவிலில் ஒரு கடையில் லேபிள் இல்லாத சிட்டத்தை (நூல் கட்டு) "ப்யூர் உல்லன்" என்று கொடுத்தார்கள். ஒரு விரல் நீளம் வெட்டி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்த் தட்டுக்கு மேலே தீக்குச்சி காட்டினோம். உருகிச் சொட்டி, ஆறினதும் கறுப்பாகக் கெட்டி மணியாக நின்றது. அக்ரிலிக். உண்மையான கம்பளி என்றால் முடி பொசுங்கும் நாற்றம் வரும், சாம்பலை விரலால் நசுக்கினால் பொடியாகும். பருத்தி காகிதம் எரிவது போல எரியும். இந்தச் சோதனையைக் கடையில் செய்ய முடியாது. அதனால் லேபிள் இல்லாத நூலை மொத்தமாக வாங்காமல் ஒரு சிட்டம் மட்டும் வாங்கியது நல்லதாகப் போயிற்று.

ஆன்லைனில் வந்த மில்க் காட்டன் கைக்கு இதமாக இருந்தது. லேபிளைப் பார்த்தால் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக அக்ரிலிக். ஒதுக்கி வைத்தோம்.

பாட்டி சொன்ன யோசனை வேறு. "வடசேரியில நெசவுக்கு நல்ல நூல் கெடைக்கும், நாலஞ்சு இழைய சேத்துப் பின்னு." கேட்பதற்குச் சாதாரணமாகத் தோன்றினாலும் இதைக் கணக்குப் போட்டே பார்த்தோம். நெசவு நூலின் நம்பர் என்பது ஒரு பவுண்டு எடையில் 840 கஜம் கொண்ட எத்தனை சிட்டம் இருக்கிறது என்ற எண்ணிக்கை. ஒன்றாம் நம்பர் நூல் கிராமுக்குச் சுமார் 1.69 மீட்டர். 20-ஆம் நம்பரில் இரண்டு இழை முறுக்கியது என்றால் 10-ஆம் நம்பருக்குச் சமம், கிராமுக்கு 16.9 மீட்டர். நமக்கு வேண்டிய கனத்துக்கு அதில் எட்டு இழை சேர்க்க வேண்டும். அப்போது கிராமுக்கு 2.1 மீட்டர். பாட்டி சொன்ன நாலஞ்சு இழை போதாது என்பது காகிதத்திலேயே தெரிந்தது.

எட்டு இழை சேர்த்து ஒரு துண்டு பின்னினார். நிறம் அருமை, விலை மலிவு. ஆனால் சேர்ந்து முறுக்காத இழைகள் என்பதால் ஊசி முனை எட்டில் ஆறை எடுத்து இரண்டை விட்டது. துண்டின் பின்பக்கம் தப்பிய இழைகள் சின்னச் சின்ன வளையமாகத் தொங்கின. இரண்டு வயதுப் பையனின் விரல் அதில் மாட்டாமல் இருக்காது. ராட்டையில் முறுக்கித் தர ஆள் இருந்தால் இந்த வழி நன்றாகவே அமையும். நேரம் இல்லாததால் விட்டோம்.

கடைசியில் நின்றவை இரண்டு. ஒன்று, மெர்சரைஸ் செய்த (பளபளப்புக்காகக் காரத்தில் பதப்படுத்திய) பருத்தி, 50 கிராமில் 106 மீட்டர். மற்றது, கையால் சாயம் போட்டு விற்கும் ஒருவரிடமிருந்து ஆன்லைனில் வரவழைத்த சூப்பர்வாஷ் (மெஷினில் துவைக்கக்கூடிய) மெரினோ, 100 கிராம் சிட்டத்தில் 225 மீட்டர்.

பருத்தி கிராமுக்கு 2.12 மீட்டர்தானே, 2.4 இல்லையே என்று மகள் கேட்டார். நியாயமான கேள்வி. பருத்தி இழை கம்பளியை விட அடர்த்தியானது. ஒரு கன செ.மீ. பருத்தி சுமார் 1.54 கிராம், கம்பளி 1.31 கிராம். ஒரே தடிமனில் பருத்தி நூல் எடை கூடி நிற்கும், ஆகவே கிராமுக்கு மீட்டர் குறையும். இழை மாறினால் இந்த எண் கொஞ்சம் விலகத்தான் வேண்டும். விலகாமல் 2.4-ஐயே தேடினால் பருத்தியில் மெல்லிய நூல்தான் கைக்கு வரும்.

இதே காரணத்தால்தான் எடை பார்த்து வாங்கக்கூடாது. பேட்டர்ன் 200 கிராம் சொல்கிறது என்று பருத்தியில் நான்கு உருண்டை வாங்கினால் 424 மீட்டர்தான். 56 மீட்டர் குறையும். ஸ்வெட்டரின் கை பாதியில் நிற்கும். ஐந்து வேண்டும். சாம்பிளுக்கும் சேர்த்து ஒரே லாட் நம்பரில், அதாவது ஒரே தடவை சாயம் போட்டதில், ஆறு வாங்கினார்.

ஆளுக்கொரு நூல்

இங்கே வீட்டுக்குள் ஒரு சின்ன வாக்குவாதம். பாட்டிக்கு இரண்டும் ஒரே நூலில் வேண்டும். "ரெண்டு பிள்ளையளுக்கும் ஒண்ணு போல இருக்கண்டாமா?" மகளுக்கோ இரண்டையும் பருத்தியில் பின்னிவிட்டால் வேலை சுலபம், செலவும் குறைவு, மெரினோவுக்கு ஆகும் பணம் பருத்தியை விட நான்கு மடங்குக்கு மேல்.

நான் சொன்னது இதுதான். பேட்டர்ன் எழுதியவர் கம்பளியை மனதில் வைத்து எழுதியிருக்கிறார். கனடாவில் டிசம்பரில் பூஜ்யத்துக்குக் கீழே போகும். கம்பளி இழையில் இயல்பாகவே சுருள் இருப்பதால் நடுவில் காற்றைப் பிடித்து வைக்கிறது. காற்றின் ஈரத்தில் தன் எடையில் சுமார் 30 சதவீதம் வரை உறிஞ்சினாலும் கைக்கு ஈரமாகத் தெரியாது. அந்தக் குழந்தைக்குப் பருத்தியில் கொடுத்தால் படத்துக்கு மட்டும்தான் உதவும். இங்கே டிசம்பரில் பகல் 30 டிகிரியை ஒட்டியும் இரவு 23-ஐ ஒட்டியும் இருக்கும். இந்தப் பையனுக்குக் கம்பளி போட்டால் கழுத்தில் வேர்க்குரு வரும். அக்ரிலிக் அதை விட மோசம். அது ஈரத்தை இரண்டு சதவீதத்துக்கு மேல் எடுப்பதில்லை, வியர்வை உள்ளேயே நிற்கும்.

முடிவு: பெண் குழந்தைக்கு மெரினோ, பையனுக்குப் பருத்தி. பேட்டர்ன் ஒன்றுதான், பொத்தானும் ஒரே மாதிரி. பொத்தான் தேங்காய்ச் சிரட்டையில் செய்தது. அது பாட்டியின் தேர்வு. நிறம் முடிந்த அளவு ஒத்துப்போகட்டும் என்று மாம்பழ மஞ்சள்.

மெரினோ ஸ்வெட்டர்

அக்டோபர் நடுவில் வடகிழக்குப் பருவமழை ஆரம்பித்திருந்தது. எட்டாம் நம்பர் ஊசியில் சாம்பிள் போட்டதும் 22 கண்ணி. மகள் ஆரம்பிக்கத் தயாரானார். துவைத்துக் காய்ந்த பிறகு அளக்கலாம் என்று நிறுத்தினேன்.

தண்ணீரில் ஊறவைத்து, துண்டில் சுருட்டிப் பிழிந்து, தரையில் விரித்து ஃபேன் போட்டோம். அந்த மழையில் அது காய இரண்டு நாளுக்கு மேல் ஆயிற்று. காய்ந்ததும் 21 கண்ணி. ஒரு கண்ணிதானே என்று தோன்றும். 128 கண்ணிக்கு அது 61 செ.மீ.; மூன்று செ.மீ. பெரிய ஸ்வெட்டர். சூப்பர்வாஷ் நூலின் குணம் இது. கம்பளி இழையின் மேல் செதில்கள் இருக்கும். மெஷினில் துவைத்தால் அவை ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு துணி சுருங்கிக் கட்டியாகிவிடும். அது நடக்காமல் இருக்க அந்தச் செதில்களை ரசாயனத்தால் மழுக்கி, மேலே பூச்சு கொடுக்கிறார்கள். பூட்டாத இழை வழுக்கும், ஈரம் பட்டதும் துணி தளரும். ஒன்பதாம் நம்பர், அதாவது 3.75 மி.மீ. ஊசிக்கு மாறினார்கள். பின்னியபோது 23, துவைத்தபின் 22.

இன்னொரு விஷயம் யாரும் எதிர்பார்க்காதது. மருமகள் டிரையரில்தான் காயவைப்பார். சூப்பர்வாஷ் நூல் டிரையர் சூட்டில் கொஞ்சம் திரும்பச் சுருங்கும். நம்மிடம் டிரையர் இல்லை, சோதிக்க வழியில்லை. துவைத்த அளவு என்பது யார், எப்படித் துவைக்கிறார்கள் என்பதையும் பொறுத்தது. உடம்பையும் கையையும் ஒரு செ.மீ. கூடுதலாகப் பின்னி அனுப்புவது என்று முடிவெடுத்தார்கள்.

நீளக் கணக்கில் இரண்டு சிட்டம் 450 மீட்டர், போதாது, மூன்று வாங்கினார்கள். எவ்வளவு மிஞ்சும் என்று பார்க்க மகள் தராசில் நிறுத்தபோது 100 கிராம் சிட்டம் 104 காட்டியது. தராசில் கோளாறு இல்லை. மழைக்காலக் காற்றின் ஈரத்தைக் கம்பளி குடித்திருந்தது. கம்பளியில் மிச்ச நூலை எடை பார்த்து மீட்டராக்குகிறவர்கள், முழுச் சிட்டத்தையும் மிச்சத்தையும் ஒரே நாளில் நிறுப்பது நல்லது.

இதைத் தவிர பேட்டர்னில் ஒரு மாற்றமும் செய்யவில்லை. கம்பளிக்கு எழுதியது கம்பளியில் தடங்கலில்லாமல் வந்தது. நவம்பர் நடுவில் பார்சல் போயிற்று.

பருத்தி ஸ்வெட்டர்: பேட்டர்னையே திருத்தியது

வேலை அதிகம் பிடித்தது இதுதான். பருத்தி சாம்பிளில் எட்டாம் நம்பர் ஊசிக்கு 22 கண்ணி, 30 வரிசை. பேட்டர்னுக்கு அப்படியே பொருந்தியது. ஆனால் பருத்தியில் சின்னத் துண்டை மேஜையில் வைத்து அளப்பது பாதி வேலைதான். இந்த ஸ்வெட்டரின் மொத்த எடையும் கழுத்திலிருந்து தொங்குகிறது. அதனால் துவைத்த துண்டை, கீழ் ஓரத்தில் துணிக் கிளிப்புகளை மாட்டி, ஒரு ராத்திரி கொடியில் தொங்கவிடச் சொன்னேன். காலையில் 10 செ.மீ. இருந்த இடம் 10.8. அகலம் மாறவில்லை. வரிசை 30-இலிருந்து 28-க்கு வந்துவிட்டது.

அதை வைத்து மூன்று இடங்களைத் திருத்தினோம்.

முதலாவது நீளம். கழுத்திலிருந்து கைக்குழி வரை பேட்டர்னில் 42 வரிசை, 14 செ.மீ. புதிய கணக்கில் அது 15 செ.மீ. ஆகிவிடும், கைக்குழி தொளதொளக்கும். 40 வரிசையாகக் குறைத்தார். ஒன்றுவிட்டு ஒரு வரிசையில் கண்ணி கூட்டுவதுதான் ரேக்லன் என்பதால் 21 முறை கூட்ட வேண்டியது 20-ஆகக் குறையும். விட்டுப்போன ஒன்றை அடுத்தடுத்த வரிசையில் கூட்டிச் சரிசெய்தார். உடம்பில் 60 வரிசை 56 ஆயிற்று.

இரண்டாவது பார்டர். கம்பளியை இழுத்துவிட்டால் தானே திரும்பி வரும். பருத்திக்கு அந்தக் குணம் கிடையாது. பத்தாம் நம்பருக்குப் பதில் பன்னிரண்டாம் நம்பர் ஊசி, 2.75 மி.மீ. கண்ணியும் 128-ஐ 118 ஆகக் குறைத்து, நேர்க் கண்ணிகளைப் பின்பக்கமாகக் குத்தி முறுக்கிப் பின்னினார். முறுக்கிய கண்ணி கொஞ்சமாவது பிடித்து நிற்கும்.

மூன்றாவது, தொங்கலைத் தாங்க ஒரு முதுகெலும்பு. தையல் உள்ள ஸ்வெட்டரில் தையலே எடையைத் தாங்கும். இதில் தையலே இல்லை. பாட்டியின் கை இங்கேதான் உள்ளே வந்தது. பின்கழுத்திலும் நான்கு ரேக்லன் கோடுகளிலும் உள்பக்கமாக, மெல்லிய குரோஷா நூலில் சங்கிலி போட்டு இறுக்கினார். வெளியே ஒரு பொட்டுக்கூடத் தெரியவில்லை. அந்த வேலையின் சீரைப் பார்த்து நான் பேச்சை நிறுத்திவிட்டேன். பொத்தான் பட்டையின் உள்பக்கத்திலும் அப்படியே செய்தார்.

பாட்டி ஒன்று மட்டும் கேட்டார்: இவ்வளவு திருத்தினால் அது அந்த பேட்டர்ன் தானா? வெளியிலிருந்து பார்த்தால் அதேதான். நூலை மாற்றுகிறவர் பேட்டர்னைத் தொடமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தால் அதே இழையில்தான் மாற்று தேட வேண்டியிருக்கும்.

நடந்தது என்ன

பார்சல் கிறிஸ்துமஸுக்கு முன்பே கனடா சேர்ந்தது. ஸ்வெட்டர் பொருந்தியது, கை மட்டும் சற்று நீளம், மடித்துவிட்டார்கள். ஜனவரியில் மருமகள் மெஷினில் துவைத்து டிரையரில் போட்டதும் கை ஏறக்குறைய சரியாகிவிட்டது. உடம்பும் கொஞ்சம் ஏறியது, ஆனால் கூடுதலாகப் பின்னிய ஒரு செ.மீ. காப்பாற்றியது. சிரட்டைப் பொத்தானில் ஒன்று மட்டும் ஓரம் விண்டது.

பருத்தி ஸ்வெட்டர் பொத்தானோடு 225 கிராம். பையன் நள்ளிரவுத் திருப்பலிக்குப் போட்டுக்கொண்டு போனான். ஜெபம் பாதியில் வியர்த்து, கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்கள். பருத்தியே இந்த ஊருக்குக் கொஞ்சம் கூடுதல்தான் என்பது என் கருத்து. பிறகு ஏசி ரயிலிலும் ஏசி காரிலும் நன்றாகப் பயன்பட்டிருக்கிறது. பிப்ரவரிக் கடைசியில் அளந்தபோது உடம்பு நீளம் ஒரு செ.மீ. கூடியிருந்தது. பின்கழுத்து அசையவில்லை, சங்கிலி பிடித்து நின்றது. கைப் பார்டர் மட்டும் தளர்ந்துவிட்டது.

படம் எடுத்தார்கள். இரண்டு மஞ்சளும் ஒத்துப்போகவில்லை. மெர்சரைஸ் செய்த பருத்தி பளபளத்தது. கையால் சாயம் போட்ட மெரினோ அடங்கிய, மேடுபள்ளமான மஞ்சள். பாட்டிக்கு இதில் முழுத் திருப்தி இல்லை, இன்றுவரை.

அடுத்த முறை மாற்றுவது

பையன் வளர்ந்துவிட்டதால் மூன்று வயது சைஸ் வேலை ஆரம்பித்தாயிற்று. இந்த முறை மகள் முதலில் செய்தது, பேட்டர்னின் எல்லாப் பக்கங்களையும் வாங்கி, ஊசி அளவுகளை மி.மீ.யில் ஒரு தாளில் எழுதியது. அதற்குக் கீழே கிராமுக்கு எத்தனை மீட்டர், மொத்தம் எத்தனை மீட்டர் என்ற இரண்டு எண்கள். கடைக்குப் போகும்போது அந்தத் தாள் மட்டும்தான் கையில் இருக்கும். லேபிளில் மீட்டர் போடாத நூலை வாங்குவதில்லை என்று வைத்திருக்கிறார். தவிர்க்க முடியாவிட்டால் பத்து மீட்டர் அளந்து வெட்டி, நகைக்கடைத் தராசு போலக் கிராமில் பின்னம் காட்டும் தராசில் நிறுத்துப் பார்க்கிறார்.

சாம்பிள் இனி சின்னத் துண்டு இல்லை. 40 கண்ணிக்குக் குறையாமல், பார்டரோடு சேர்த்து, துவைத்து, பருத்தி என்றால் தொங்கவிட்டு. மழைக்காலத்தில் காய நாள் பிடிக்கும் என்பதால் சாம்பிள் வேலையை ஜூலை ஆகஸ்டிலேயே முடிக்க வேண்டும் என்று நான் சொன்னேன். அப்போதும் இங்கே மழைதானே என்று அவர் சொன்னார். தென்மேற்கும் வடகிழக்கும் சேர்ந்து நனைக்கும் மாவட்டத்தில் அதற்குப் பதில் இல்லை. ஃபேனை நம்ப வேண்டியதுதான்.

கைப் பார்டருக்கு மெல்லிய எலாஸ்டிக் நூலைப் பருத்தியோடு சேர்த்துப் பின்னிப் பார்க்கிறார்கள்; இரண்டு மூன்று துவைப்புக்கு நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் மற்றவர்களுக்குச் சொல்ல முடியும். நிறத்தைப் பொறுத்தவரை, வேறு வேறு இழையில் ஒரே நிறம் தேடுவதை விட்டுவிட்டு, ஒன்று மஞ்சள், மற்றது பச்சை என்று தெரிந்தே வேறாக வைக்கலாம் என்றேன். பாட்டி இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

மெரினோவில் மிஞ்சிய ஏறக்குறைய 80 கிராமில் பேத்திக்கு ஒரு தொப்பி. அதற்கு டிகே கனத்தில் எழுதிய பேட்டர்னாகவே பார்த்து எடுத்துவிட்டார்கள்.